அட்டன் தபாற்கந்தோரில் கிடைக்காத விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் 'போர் விமானி ஆவது எப்படி?' என்றொரு கட்டுரை வந்திருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். முழுவதையும் போட இடமில்லையென்றால் பிள்ளைகளின் உயரத்தை அளந்த பகுதியையாவது போடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பின்னேரங்களில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. மழைக்காலத்தில் யாராவது ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போட்டால் வேண்டாமென்று சொல்வதுமில்லை. அங்கே வரும் தரம் 11 மாணவி ஒருத்தி உங்கள் கட்டுரையைக் கத்தரித்து, கொப்பிக்குள் மடித்து வைத்துக் கொண்டு வந்தாள். மற்றப் பிள்ளைகள் போகும்வரை செருப்பைத் தேடுவது போல நின்றுவிட்டு, "சேர், இந்த யூ.பி.எஸ்.சி. பாரம் அட்டன் தபாற்கந்தோர்ல கெடைக்குமா?" என்று கேட்டாள்.

வாங்கி வாசித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்க வேண்டும், பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரைக்குள் என்.டி.ஏ. என்ற படைக் கல்லூரித் தேர்வு எழுத வேண்டும், கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொது அறிவுக்கு 600, பிறகு ஐந்து நாள் நேர்முகம், தேறினால் புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா, அங்கிருந்து ஹைதராபாத் பக்கம் துண்டிகல், கடைசியில் பீதரில் ஹாக் ஜெட். விமானம் ஓட்டும் தகைமையைக் கணினியில் சோதிக்கும் பரீட்சையை வாழ்நாளில் ஒரே தடவைதான் எழுதலாம் என்றுகூட இருந்தது. அத்தனையும் சரியான தகவல்தான். ஆனால் அத்தனையும் இந்தியப் பிள்ளைகளுக்கு உரியது. யூ.பி.எஸ்.சி. என்பதே இந்திய அரசாங்கத்தின் தேர்வாணையம். இலங்கையில் அச்சாகும் ஒரு பத்திரிகை, இலங்கைப் பிள்ளைகளுக்கான பக்கத்தில், 'இது இந்திய நடைமுறை' என்று ஒரு வரி போடாமல் இதை வெளியிட்டிருக்கிறது. எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஐயா. பன்னிரண்டாம் வகுப்பு, மதிப்பெண் என்ற சொற்களைக்கூட மாற்றவில்லை. இங்கே நாங்கள் உயர்தரம் என்போம், புள்ளி என்போம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த இந்தியத் தேர்வின் தகுதி விதிகளில், இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்துடன் பாகிஸ்தான், பர்மா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் தகுதியானவர்கள் என்று ஒரு வாசகம் இருக்கிறது. மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் வாடை அதில் அடிக்கிறது எனக்கு. என் சித்தப்பா அந்த ஒப்பந்தத்தில் போனவர். உறவுகள் அழுது வழியனுப்பிய ரயிலில், ஒப்பாரிக் கோச்சி என்போம், ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்குள்ளேயே போய் நின்றார். அவருடைய பேரனுக்கு உங்கள் கட்டுரை அச்சொட்டாகப் பொருந்தும். எங்கள் பிரிவில் இருக்கும் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு துண்டைக் கத்தரித்தவன்தான். 1975 ஆக இருக்க வேண்டும். விமானப்படைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் அது. தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முழுதாக வாசிக்கவில்லை. முதல் நிபந்தனையிலேயே விரலை வைத்து, "பிரஜாவுரிமை இருக்கா தம்பி?" என்றார். 1948இல் பறித்தது அப்போது எங்கள் வீட்டுக்கு இன்னும் திரும்பி வரவில்லை. நாடற்றவனுக்கு ஆகாயம் எங்கே? துண்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொழுந்து மடுவத்துப் பக்கம் நடந்தேன். இந்தப் பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்தாயிற்று. அதனால்தான் பிழையான வழியில் நடந்து ஒரு வருடத்தை அவள் தொலைத்துவிடக் கூடாது என்று எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

சரி, இங்கே வழி எது? நமது விமானப்படையில் விமானியாகும் பிள்ளை கெடெட் அதிகாரியாகத்தான் சேர வேண்டும். உயர்தரம் முடித்து நேரடியாக விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் போகலாம். அங்கே கெடெட் பிள்ளைகள் பட்டப்படிப்பையும் சேர்த்து முடிப்பார்கள், படிப்பு ஆங்கிலத்தில். வயதெல்லை, உயரம், எத்தனை சித்தி, எதில் திறமைச் சித்தி என்பதையெல்லாம் அந்தந்த வருட விளம்பரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய துண்டை நம்பிப் போகக் கூடாது. தேர்வானவர்களுக்கு முதலில் தியத்தலாவையில் தரைப்பயிற்சி. நமது பதுளைப் பக்கத்துக் குளிரில் ஓட விடுவார்கள், அது நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் புதிதில்லை. பிறகு திருகோணமலைச் சீனன்குடா. அங்கே பி.டி. 6 என்ற சுழல்விசிறி வைத்த சின்னப் பயிற்சி விமானத்தில் தொடங்கி, யாருக்கு ஜெட், யாருக்குப் போக்குவரத்து விமானம், யாருக்கு ஹெலிகொப்டர் என்று பிரிப்பார்கள். ஜெட் கிடைத்தால் கே 8 பயிற்சி ஜெட், அதற்கும் மேலேதான் கிபிர், எஃப் 7 எல்லாம்.

ஜெட் வேண்டும் என்று நாம் கேட்டால் மட்டும் கிடைத்துவிடாது. நாட்டில் இருக்கும் போர் ஜெட்டுகளே கொஞ்சம்தான். 2021இல் கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தபோதும் 5 விமானங்களுக்குத்தான் செய்தார்கள். ஆசனங்கள் விரலுக்குள் அடங்கும். 'கனவு காணுங்கள், வானம் வசப்படும்' என்று உங்கள் கட்டுரை முடிகிறது. பிள்ளையிடம் இந்தக் கணக்கையும் சொல்ல வேண்டாமா?

பெண்பிள்ளை என்பதால் முடியாது என்று மட்டும் யாரும் இனிச் சொல்ல முடியாது. 2020இல் சீனன்குடாவில் இரண்டு பெண்கள் விமானி இலச்சினை பெற்று, விமானப்படையின் முதல் பெண் விமானிகள் ஆனார்கள். இந்தியாவில் 2016இலேயே மூன்று பெண்கள் போர் விமானிகளாகிவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் 'இளைஞர்களே' என்று ஒன்பது இடத்தில் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். 'யுவதிகளே' ஓரிடத்திலும் இல்லை.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். விமானிக்குக் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது இந்திய அளவு, இருக்கட்டும். மறுநாள் வகுப்பில் சும்மா ஒரு விளையாட்டாக மண்டபத்துக் கதவு நிலையில் சோக்கால் 162.5இல் ஒரு கோடு போட்டேன். அன்று வந்திருந்தவர்கள் 27 பேர், பையன்களும் பெண்களும். வரிசையாக நின்று அளந்தோம். கோட்டைத் தொட்டவர்கள் ஐந்து பேர். பையன்களில் நாலு, பெண்களில் இவள் ஒருத்தி, 165. விளையாட்டு அதோடு நின்றுவிட்டது. ஒரு பையன் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஆட்கள் குள்ளம், அது பரம்பரை என்று படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 32. ஒரே அரிசி, ஒரே கோதுமை மா, ஒரே நாடு. மூன்றில் ஒரு பிள்ளையை ஐந்து வயதுக்குள்ளேயே அந்தச் சோக்குக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டு, பதினெட்டு வயதில் அதன் கையில் விண்ணப்பம் கொடுத்து என்ன பயன்? போர் விமானி ஆவது எப்படி என்று மலையகத்தில் ஒருவர் எழுதப்போனால், கர்ப்பிணித் தாயின் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். கதவு நிலையில் அந்தக் கோட்டை நான் இன்னும் அழிக்கவில்லை.

உயரத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். விமானியறை ஒரு சட்டை மாதிரி, ஆளுக்கேற்ப இழுத்துப் பெரிதாக்க முடியாது. கால் மிதிக்கு எட்ட வேண்டும், கண் முன்னாலுள்ள கருவிப் பலகைக்கு மேலாக வெளியே பார்க்க வேண்டும். ஆபத்தில் ஆசனத்தோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் எதிலும் இடிக்கக் கூடாது. அதனால்தான் மொத்த உயரம் மட்டுமல்லாமல், உட்கார்ந்த உயரம், தொடையின் நீளம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையில் ஒரு வரியில் தாண்டிப் போன விடயம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. 'விமானி 9 ஜி விசையைத் தாங்க வேண்டும்', அதாவது தன் எடையைப் போல ஒன்பது மடங்கைத் தாங்க வேண்டும் என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். சைன், கோசைன் எதுக்கு சேர் என்று வருடா வருடம் கேட்கும் பிள்ளைகளுக்கு, முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பதில் இதுதான். விமானம் உயரம் குறையாமல் வளைய வேண்டுமென்றால் ஒரு பக்கம் சாய வேண்டும். அந்தச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் ஒன்றைப் பிரியுங்கள். வரும் எண்தான் விமானியின் உடம்பில் ஏறும் பாரம். 60 பாகை சாய்ந்தால் கோசைன் அரை, பாரம் இரண்டு மடங்கு. 75.5 பாகையில் நாலு மடங்கு. 83.6 பாகையில் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. அட்டவணையைப் பார்த்துப் பிள்ளைகளே போட்டார்கள். 60க்கும் 75க்கும் இடையில் இரண்டுதான் கூடுகிறது, அதற்குப் பிறகு எட்டுப் பாகையில் ஐந்து கூடுகிறதே என்று ஒருவன் வாயைப் பிளந்தான். கினிகத்தேனை வளைவில் பஸ் திரும்பும்போது பக்கத்து ஆள் மேல் போய் விழுகிறோமே, அதே சங்கதிதான். விமானம் சாய்ந்தே வளைவதால் பக்கவாட்டில் தள்ளாமல் ஆசனத்துக்குள் அமுக்கும்.

ஒன்பது மடங்கு என்றால் என்ன? தலையும் தலைக்கவசமும் சேர்த்து 7 கிலோ என்று வைத்தாலும் 63 கிலோ கழுத்தின் மேல் நிற்கும். எங்கள் பக்கம் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து. ஆக மூன்றரைப் பேர்க் கொழுந்தை ஒரே தடவையில் உச்சந்தலையில் வைப்பதற்குச் சமம் என்று இவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். அவளுடைய அம்மா கொழுந்தெடுப்பவர். அந்தப் பாரத்தில் இரத்தம் மூளையை விட்டுக் காலுக்கு இறங்கும். முதலில் நிறம் போகும், பிறகு பார்வை இருளும், அப்புறம் நினைவும் போகும். அதற்காகத்தான் கால்களையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் உடுப்புப் போடுகிறார்கள். உடுப்பு மட்டும் போதாது, தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடித்து, மூச்சை அளந்து விடப் பழக வேண்டும். கூடை சுமந்து மலை ஏறும் பெண்களின் கழுத்தைப் பார்த்திருக்கிறேன். யாராவது அதை ஒருநாள் சோதித்துப் பார்க்கட்டும் என்று தோன்றும்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விமானிக்குத் தெளிவான பார்வையும் சரியான நிறப்பார்வையும் கட்டாயம். இதைக் கடைசியில் பார்த்து ஏமாறுவதை விட முதலிலேயே பார்த்துவிடலாம். அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூன்று வருடம் ஓட்டமும் தண்டாலுமாக இருந்துவிட்டு, மருத்துவப் பரிசோதனை நாளில்தான் தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது என்று தெரிந்துகொண்டான். பழுத்த மிளகாய் எது, காய் எது என்று சின்ன வயதில் அவன் தடுமாறியதை வீட்டில் விளையாட்டு என்று நினைத்திருக்கிறார்கள்.

படிப்புத்தான் பெரிய மலை. பௌதிகவியலும் இணைந்த கணிதமும் உயர்தரத்துக்குத் தமிழில் எடுக்கும் பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் போதாது என்பது பல வருடத்துக் குறை. சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைகளும் ஆளில்லாமல் கலைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் இருவர் என் மாணவர்கள். இவளும் அட்டனுக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். காலை ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், டோர்ச் அடித்துக்கொண்டு குறுக்குப்பாதையில் இறங்க வேண்டும். ஆங்கிலம் அதை விட மோசம். வானில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதும் ஆங்கிலம், விமானக் கையேடும் ஆங்கிலம்.

அவளுடைய அம்மாவுக்கு இதிலெல்லாம் கவலையில்லை. அவருக்கு ஒரே பயம். "வெமானம்னா மலையில தானே சேர் வந்து விழுது?" என்றார். சிரிக்க முடியவில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த விமானம் ஏழு கன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். எனக்கு அப்போது 18 வயது. தோட்டத்திலிருந்து ஆட்கள் பார்க்கப் போனார்கள். அப்பா என்னை விடவில்லை. அதன் டயர் ஒன்று இன்றும் நோட்டன் பிரிட்ஜில் இருக்கிறது. 2020 ஜனவரி 3இல் விமானப்படையின் வை 12 விமானம் அப்புத்தளையில் விழுந்து நாலு பேர் போனார்கள். 2023 ஓகஸ்டில் சீனன்குடாவில் பி.டி. 6 விழுந்து இரண்டு பேர். 2025 மார்ச்சில் வாரியப்பொலையில் கே 8 விழுந்தபோது இருவரும் ஆசனத்தோடு வெளியேறித் தப்பினார்கள். எதையும் அந்தத் தாயிடம் மறைக்கவில்லை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, "அப்போ தப்பிக்கவும் வழி இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை சரிந்து வீதிகள் அறுந்து கிடந்தபோது ஹெலிகொப்டர் வந்து இறங்கிய கதையும் அவருக்குத் தெரியும். "அதை ஓட்டினா பத்தாதா?" என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ஜெட்தான்.

உங்கள் கட்டுரையில் இல்லாத இன்னொன்று இருக்கிறது. எழுதத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அக்கா 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனவள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படிப் போனார்கள். அங்கே போர் நடந்த காலத்தில், 1996இல் குண்டு போடும் கிபிர் வந்த பிறகு அவள் வாயில் அந்தச் சொல் ஒரு விமானத்தின் பெயராக இருந்ததே இல்லை. "சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அது தாண்டிப் போயிருக்கும். சத்தத்தைக் கேட்டுட்டுப் பிள்ளைகளைப் பங்கருக்குள்ள தள்ளினா அது சும்மா மனசாறுதலுக்குத்தான்" என்று தொலைபேசியில் ஒருமுறை சொன்னாள். சத்தத்தின் வேகத்தை ஒட்டிப் பறந்தால் அப்படித்தான், பௌதிகவியல்தான். ஆனால் அதைக் கரும்பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பிள்ளையின் ஆசையைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாக்காரி என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டாள்.

நான் இதை அந்த மாணவியிடம் சொன்னேன். மறைத்து அனுப்பினால் நான் ஆசிரியனா? அவள் கேட்டுவிட்டு, "ஓட்டினவங்களுக்குக் கீழ பங்கர் இருக்கிறது தெரியுமா சேர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அதையும் சொன்னேன். அடுத்த நாளும் வகுப்புக்கு வந்தாள். கொப்பிக்குள் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. போவதா இல்லையா என்பதை அவள்தான் முடிவெடுக்க வேண்டும், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

உங்களிடம் நான் கேட்பது மூன்று காரியம். மாணவர் பக்கத்தில் எந்த நாட்டு நடைமுறை என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். விமானப்படை, பாதுகாப்புப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆட்சேர்ப்பு விளம்பரம் வெளிவரும் வாரம் அதன் நிபந்தனைகளைத் தமிழில், கடைசித் திகதியோடு, முதல் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். எங்கள் பிரிவுக்குப் பத்திரிகை மூன்றுதான் வருகிறது, அதுவும் பதினொரு மணிக்குப் பிறகு. மூன்றாவது, கட்டுரையோடு போட்ட படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். படத்தின் கீழே 'தேஜஸ்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தேஜஸுக்கு ஒரே எஞ்சின், நிமிர்ந்த வாலும் ஒன்றுதான். படத்தில் உள்ளதற்கு இரண்டு வால், இரண்டு எஞ்சின், முன்னும் பின்னுமாக இரண்டு ஆசனம். அது சுகோய் 30. எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. துண்டை என்னிடம் நீட்டியபோதே அவள் பென்சிலால் 'தேஜஸ்' என்பதை வெட்டி, பக்கத்தில் சரியான பெயரை எழுதி வைத்திருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பொகவந்தலாவை.